மூன்றாம் ஓலையும் மூச்சிரைக்கும் கம்ப்யூட்டரும்

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் சாலையில் மலர்க்கொடி நடத்தும் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடைக்குள் அந்தச் சனிக்கிழமை காலை நுழைந்தவர், முதலில் கதவைச் சாத்தினார். சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். அதன்பிறகே உட்கார்ந்தார்.

"என் பேரு பாக்கியநாதன். கைலாசபுரம் குவார்ட்டர்ஸ்லேருந்து வரேன். ஃபேக்டரில தரப் பரிசோதனைப் பிரிவு. என் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள்ள யாரோ புகுந்திருக்கான் மேடம்."

மலர்க்கொடி தலையை மட்டும் அசைத்தார். ஐம்பது வயதில் அவருக்கு எதுவும் அதிர்ச்சி தருவதில்லை. ஆனால் கடையின் கூட்டாளியான ஹாலித் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்துவிட்டார். எந்தப் பழுதிலும் ஒரு சர்வதேசச் சதியைக் கண்டுபிடிக்காவிட்டால் ஹாலித்துக்குச் சாப்பாடு இறங்காது.

"ஒரு மாசமா ஃபேன் கத்திக்கிட்டே இருக்கு," என்றார் பாக்கியநாதன். "ப்ராசஸர் நூறு சதவீதம் வேலை செய்யுதுன்னு காட்டுது. நான் ஒரு வேலையும் கொடுக்கல. அப்ப அது யாருக்கு வேலை செய்யுது?"

"எப்ப ஆரம்பிச்சது சார்?"

"அங்கதான் விஷயமே. என் பொண்ணு லின்சிக்குக் கல்யாணம் பேசியிருக்கோம். மாப்பிள்ளை பேரு பெஞ்சமின், துவாக்குடில வேலை. நிச்சயம் முடிஞ்சு வீட்டுக்கு வந்தவர், 'மாமா, இந்த மெஷினுக்குப் பாதுகாப்பே இல்லையே'ன்னு ஏதோ போட்டுக் கொடுத்தார். அவர் போனதும் அவர் செஞ்ச வேலையை நான் முறைப்படி செக் பண்ணிட்டேன். எல்லாம் சரியாத்தான் இருந்தது. அன்னிக்கு ராத்திரிலேருந்துதான் இந்தக் கத்தல்."

"உளவு!" என்றார் ஹாலித், தொடையைத் தட்டி.

பாக்கியநாதனின் முகம் இருண்டது. கத்தோலிக்கக் கல்யாணங்களில் மணமக்கள் பெயரை மூன்று ஞாயிறு பூசையில் ஓலையாக வாசித்து, யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லும்படி கேட்பார்கள். லின்சிக்கு இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவது மறுநாள்.

"அவர்தான்னு தெரிஞ்சா நாளைக்குக் கோயில்ல நானே எழுந்து நின்னு தடை சொல்லிடுவேன்," என்றார். "மெஷினுக்கு உளவு வெக்கிறவர் பொண்ணுக்கு வெக்க மாட்டாரா?"

சொல்லும்போது குரல் உடைந்தது. மாப்பிள்ளையை அவருக்கு உள்ளூரப் பிடித்திருந்தது என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. பிடித்தவரையே சந்தேகப்பட வேண்டிவந்த சங்கடம்தான் மனிதரை ஆற்றைத் தாண்டி, தெரிந்த முகம் இல்லாத கடையாகப் பார்த்து வரவைத்திருக்கிறது.

ஹாலித்தின் வேனில் மூவரும் கைலாசபுரம் போய்ச் சேர்ந்தார்கள். கேட்டில் ஒரு பூட்டு, அதன் கீழே இன்னொரு பூட்டு. இரண்டையும் திறந்து, உள்ளே போனதும் மறுபடி இரண்டையும் பூட்டினார் பாக்கியநாதன்.

அவர் மனைவி வியாகுலம்மாள் டீ போட்டு இறக்கிவிட்டு கேஸை மூடினார். பாக்கியநாதன் சமையலறைக்குள் போய் அது மூடியிருக்கிறதா என்று திருகிப் பார்த்தார். அவர் வெளியே வந்ததும், அவர் திருகியதில் திறந்துகொண்டதோ என்று வியாகுலம்மாள் போய்ப் பார்த்தார். கையில் டம்ளருடன் மலர்க்கொடி இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தார்.

கம்ப்யூட்டர் ஹாலின் மூலையில் மாவு மில் கணக்காக இரைந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் லின்சி நின்றாள். அழுது முடித்த கண்கள்.

"ஆன்ட்டி, நாளைக்கு அப்பா எழுந்து நின்னுட்டா அதோட எல்லாம் முடிஞ்சுது. பெஞ்சமின் வீட்ல மறுபடி பேசவே மாட்டாங்க," என்றாள்.

"நாளைக்கு இன்னும் நேரம் இருக்கும்மா," என்றார் மலர்க்கொடி.

ஹாலித் அதற்குள் களத்தில் இறங்கிவிட்டார். "எவனோ வெளிநாட்டுல உட்கார்ந்துக்கிட்டு இந்த மெஷினை வெச்சு டிஜிட்டல் காசு அடிக்கிறான். இப்ப பாருங்க, அவன் பொழப்புல மண்ணு!" இன்டர்நெட் கேபிளை வெடுக்கென்று பிடுங்கினார்.

இரைச்சல் துளியும் குறையவில்லை. கையிலிருந்த கேபிளை ஹாலித் ஏமாற்றத்துடன் பார்த்தார். அடுத்த சந்தேகம் வியாகுலம்மாள் மேல் பாய்ந்தது. "அம்மா, நீங்க ஜெபக்கூட்ட வீடியோ ஏதாவது…"

"நான் அதைத் தொடறதே இல்லைங்க. தூசி தட்டினாக்கூட, நான் தட்டினது பத்தலன்னு இவரு திரும்பத் தட்டுவாரு."

மலர்க்கொடி புன்னகைத்தபடி உட்கார்ந்து டாஸ்க் மேனேஜரைத் திறந்தார். எந்த மென்பொருள் எவ்வளவு உழைக்கிறது என்று அது காட்டும். உச்சியில் இரண்டு பெயர்கள். ஒன்று ஏறினால் அடுத்த நொடியே மற்றது ஏறியது. திரையின் கீழ் மூலையில் நீலக் கேடயப் படம் ஒன்றும் பச்சைக் கேடயப் படம் ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"லின்சி, உன் போன்லேருந்து ஒரு போட்டோவை இதுல ஏத்தும்மா."

நிச்சயதார்த்தப் படம் ஒன்று ஏறியது. பட்டியலில் இரண்டு பெயர்களும் ஒன்றாகத் துள்ளின. மலர்க்கொடி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"பெஞ்சமினைக் கூப்பிடுங்க. எல்லாரும் இருக்கும்போதே சொல்லிடறேன்."

கையில் ஹெல்மெட்டுடன் வந்த பெஞ்சமின், எங்கே உட்கார்வது என்று தெரியாமல் கதவோரமே நின்றான். மாமனார் அவனைப் பார்க்கவில்லை.

"வெளியாள் யாரும் இல்ல," என்று ஆரம்பித்தார் மலர்க்கொடி. "கேபிளைப் பிடுங்கின பிறகும் கத்தல் நிக்கல. அதைக் காட்டிக் கொடுத்தவர் ஹாலித்."

தாம் எதைக் காட்டிக் கொடுத்தோம் என்று புரியாமலேயே ஹாலித் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பெஞ்சமின், நீங்க என்ன போட்டுக் கொடுத்தீங்க?"

"ஆன்ட்டிவைரஸ்ங்க. அந்த நீலக் கேடயம்."

"பச்சைக் கேடயம்?"

"அது எனக்குத் தெரியாதுங்க. நான் வந்தப்ப இல்ல."

பாக்கியநாதன் தொண்டையைக் கனைத்தார்.

"அது… நான் போட்டது. இன்னொரு ஆன்ட்டிவைரஸ். இவரோடது ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாக்கறதுக்கு. எங்க ஃபேக்டரில ஒரு இன்ஸ்பெக்டர் பாஸ் பண்ணதை இன்னொரு இன்ஸ்பெக்டர் பாக்காம எந்தப் பீஸும் கேட்டைத் தாண்டாது மேடம்."

"கடையில நீங்க 'முறைப்படி செக் பண்ணேன்'னு சொன்னீங்க. எப்படின்னு சொல்லல. இங்க வந்து கேட்டுல ரெண்டு பூட்டைப் பார்த்தேன். கேஸ் மூடின கதையையும் பார்த்தேன். அப்பவே பாதி புரிஞ்சுபோச்சு. நீலக்காரன் ஒரு ஃபைலைத் திறந்து பாக்கிறான். இவன் யாருடா அதைத் தொடறதுன்னு பச்சைக்காரன் திறந்து பாக்கிறான். பச்சைக்காரன் தொட்டதாலே நீலக்காரன் மறுபடி பாக்கிறான். ஒரு மாசமா இதுதான் நடக்குது. திருடன் வரவே இல்ல சார். ரெண்டு வாட்ச்மேன் ஒருத்தன் பையை ஒருத்தன் சோதனை போட்டே களைச்சுப் போயிட்டாங்க."

வியாகுலம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்புதான்.

"அப்ப எதை எடுக்கணும்?" பாக்கியநாதன் குரல் இறங்கியிருந்தது.

"ரெண்டுமே நல்ல காவல்தான். ஆனா வீட்டுக்கு ஒண்ணு போதும். எது இருக்கணும்னு நீங்கதான் சொல்லணும்."

"மாமாவோடதே இருக்கட்டும்ங்க," என்றான் பெஞ்சமின் கதவோரத்திலிருந்து. "என்னோடதை எடுத்துடறேன். வீடு அவரோடது."

பாக்கியநாதன் முதல்முறையாக அவனை நிமிர்ந்து பார்த்தார். வெட்கமாக இருந்தது அவருக்கு. பிறகு மவுஸைப் பிடித்தார். பச்சைக் கேடயத்தை, தாம் போட்டதை, அழிக்கச் சொன்னார். நிச்சயம்தானா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆமாம் என்றார். நிஜமாகவே நிச்சயம்தானா என்று மறுபடியும் கேட்டது. அந்தக் கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது போலும். சந்தோஷமாக இரண்டாம் தடவையும் ஆமாம் என்றார்.

மெஷினை நிறுத்தி மறுபடி போட்டதும் இரைச்சல் இல்லை. அந்த ஹாலில் ஒரு சுவர்க் கடிகாரம் ஓடுவதே அப்போதுதான் எல்லோர் காதிலும் விழுந்தது.

"உட்காருங்க மாப்பிள்ளை," என்றார் பாக்கியநாதன். "டீ சாப்பிடுங்க."

மறுநாள் பூசையில் மூன்றாம் ஓலை வாசிக்கப்பட்டது. இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று சாமியார் சொல்லி நிறுத்தினார்.

பாக்கியநாதன் எழுந்து நின்றார்.

லின்சிக்கு உயிரே போய்விட்டது. பெண்கள் பக்கத்திலிருந்து வியாகுலம்மாள் கண்ணாலேயே கெஞ்சினார். பாக்கியநாதன் அசையவில்லை. முன் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சு வரை, ஒரு ஆளையும் விடாமல் முறைத்துப் பார்த்தார். இருமப் போன ஒருவர் இருமலை விழுங்கிக்கொண்டார். பிறகு மறுபடியும், இந்த முறை பின்னாலிருந்து முன்னால் வரை, ஒரு சுற்றுப் பார்த்து முடித்தார்.

"தடை சொல்ல யாரும் இல்லைங்க ஃபாதர். நான் செக் பண்ணிட்டேன்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.