மேலே போ, சுஜின்!

மாமரத்தடியில் ஏழாம் வகுப்பே கூடி நின்றது. அகில் விரித்த கைக்குட்டையில், கண்கூடத் திறக்காத ஓர் அணில் குஞ்சு கிடந்தது. காலையில் அடித்த காற்றில் கூட்டிலிருந்து விழுந்துவிட்டது.

"செத்துப் போயிருமாடே?" என்று கேட்டான் அகில்.

"நான் இருக்கும்போதா?" என்றான் சுஜின்.

சாலை பஜாருக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் தமிழ்ப் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வந்தது அந்த வருடம்தான். அதற்கு சுஜின்தான் ராஜா. கம்ப்யூட்டர் அறைக்கு ஓடினான். விலங்குகளைப் பற்றிய சிடியைப் போட்டுத் தேடினான். உள்ளங்கையில் எழுதிக்கொண்டு திரும்பி ஓடி வந்தான்.

"பசும்பால் கொடுக்கணும். குளிப்பாட்டணும். வீட்டுக்குக் கொண்டுபோணும். தீர்ந்தது!"

அகில் பால் வாங்க டீக்கடைக்குப் பறந்தான்.

கூட்டத்தில் நின்ற அஜிதா குஞ்சைப் பார்த்தாள். அது வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. நடுங்குகிறதை யாராவது குளிப்பாட்டுவார்களா?

"சுஜின், அந்தப் பக்கத்துல முதல்ல என்ன எழுதியிருந்துது?"

"முதல்லயா? 'பால்'னு தேடினேன். நேரா பால் இருக்க இடத்துல கொண்டு விட்டுது. அதாக்கும் கம்ப்யூட்டர்!"

அஜிதாவும் முன்பெல்லாம் எதையும் நடுவிலிருந்துதான் சொல்வாள். "அப்புறம் அவன் என்னைத் தள்ளிட்டான்" என்று மூச்சிரைக்க வீட்டுக்குள் நுழைவாள். "முதல்ல இருந்து சொல்லு மக்களே" என்று அம்மா சிரிப்பாள். இப்போது அம்மா இல்லை. அந்தக் குரல் மட்டும் எங்கும் போகவில்லை.

"வா, அதை எனக்குக் காட்டு" என்று சுஜினை இழுத்துக்கொண்டு போனாள்.

"செருப்பு!" என்று உள்ளேயிருந்து செல்லபாய் டீச்சர் குரல் கொடுத்தார். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது. இருவரும் செருப்பை வாசலில் உதறிவிட்டு நுழைந்தார்கள்.

அஜிதா திரையில் விரலை வைத்து, ஆங்கில வரிகளை எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"எடீ, நத்தை! நீ முடிக்கதுக்குள்ள அணிலுக்குக் கல்யாணமே ஆயிரும்."

"மேலே போ, சுஜின்."

"மேல என்ன இருக்கப்போவுது?"

"போயேன்."

சுஜின் பக்கத்தை மேலே நகர்த்தினான். கொட்டை எழுத்தில் ஒரு தலைப்பு வந்தது. அணில் குஞ்சுக்கு ஒருபோதும் செய்யக் கூடாதவை!

சுஜின் முகம் வெளுத்தது. "அய்யோ, அகில்!"

செருப்பை மறந்து ஓடினான். மரத்தடியில் அகில், பேனாவுக்கு மை ஊற்றும் ஃபில்லரில் பாலை உறிஞ்சி, குஞ்சின் வாயருகே கொண்டுபோய்க்கொண்டிருந்தான். சுஜின் பாய்ந்து தட்டிவிட்டான். பால் அகிலின் மூக்கில் தெறித்தது.

"என்னடே, பால் விஷமா?"

"பால் இல்லடே. நான் பாதி வாசிச்சேன் பாரு, அதாக்கும் விஷம்!"

அஜிதா கடைசி வரி வரை வாசித்துவிட்டுத்தான் வந்தாள். "துணில சுத்தி, மரத்தடியிலேயே வைக்கணும். நாம எல்லாரும் தள்ளிப் போயிரணும். அம்மா அணில் தேடி வரும்."

"வரலேன்னா?" என்றான் அகில்.

அஜிதா தன் தலைத்துணியை அவிழ்த்துக் குஞ்சைச் சுற்றி, சாக்பீஸ் பெட்டியில் வைத்தாள்.

எல்லாரும் வராந்தாவில் பதுங்கினார்கள். நாற்பது வாய்கள் ஒன்றாக மூடியிருந்ததை அந்தப் பள்ளி அதுவரை கண்டதில்லை.

கிளை அசைந்தது. ஓர் அணில் இறங்கியது, நின்றது, பயந்து மேலே ஏறியது. மறுபடி இறங்கியது. பெட்டிக்குள் தலையை விட்டுக் குஞ்சை வாயில் கவ்விக்கொண்டது. ஒரே ஓட்டம்! இலைகளுக்குள் மறைந்துவிட்டது.

"வந்துட்டு! அம்மா வந்துட்டு!" என்று வராந்தா அதிர்ந்தது. அஜிதா மட்டும் அந்தக் கிளையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் செல்லபாய் டீச்சர் ஒரு கதைப் புத்தகத்தைக் கொடுத்து, சுஜினை வாசிக்கச் சொன்னார். அவன் தலைப்பை வாசித்தான். விலையை வாசித்தான். அச்சகத்தின் முகவரியை, பின்கோடு வரை வாசித்தான்.

"லேய், கதை எப்ப வரும்?" என்று கத்தினான் அகில்.

"பொறுடே" என்றான் சுஜின், அஜிதாவை ஓரக்கண்ணால் பார்த்தபடி. "முதல்ல இருந்து வாசிக்குதேன்."