காலிச் சேணம்

பிற்பகல் மூன்று மணிக்குத்தான் எடுக்கப்போகிற காட்சி, காலையில் கழுவி வந்த படச்சுருளிலேயே இருந்தது.

மேபல் முதலில் தன் கண்ணைத்தான் குறை சொன்னாள். இலண்டனுக்கு வெளியே இந்தப் பேசாப்பட நிலையத்தில் பதினோரு வருஷமாக ஃபிலிம் வெட்டி ஒட்டுகிறவள்; பேரிக்காய் மிட்டாய் மணக்கிற அந்த ஒட்டுப்பசை தலைக்கேறினால் எது வேண்டுமானாலும் தெரியும். ஆனால் தெரிந்தது அவள் தம்பி சிரில். பழைய ஜாக்கி, இந்தக் குதிரைப் பந்தயப் படத்தில் கதாநாயகனுக்குப் பதிலாகச் சவாரி செய்பவன். நேற்றிரவு பொரித்த மீனைத் தின்றுகொண்டே, வெளிச்சம் போய்விட்டதால் பெரிய வேலியைத் தாண்டும் காட்சியைத் தள்ளிவைத்துவிட்டார்கள் என்று அலுத்துக்கொண்டான்.

"நாளைக்கு மூணு மணிக்காம், அக்கா. ஹீரோ விழுந்தா மூஞ்சி கெட்டுடுமாம். என் மூஞ்சிக்கு அந்தக் கவலையே இல்ல பாரு."

அடியில் விளக்கெரியும் கண்ணாடியின் மேல் ஃபிலிமை வைத்து, கைப்பிடி கிறீச்சிட அவள் சுற்றச் சுற்ற, ஈர மண் தெறிக்கக் குதிரை கட்டம் கட்டமாக வேலியை நோக்கி வந்து, எழும்பி, முன்கால் தட்டி, அவனை அடியில் போட்டுக்கொண்டு தலைகீழாகக் கவிழ்ந்தது. பிறகு குதிரை மட்டும் எழுந்து ஓடியது. சிரில் எழவில்லை.

மணி இரண்டே முக்கால். பந்தய மைதானத்துக்கு இரண்டு ரயில் மாற வேண்டும். தொலைபேசியில் கெஞ்சினாள். எல்லாரும் வேலியோரம் போய்விட்டார்கள், இப்போது போய் டைரக்டரைக் கூப்பிட்டால் தன் வேலை போய்விடும் என்று மைதானத்துக் குமாஸ்தா வைத்துவிட்டான்.

பாவம், வேறென்ன செய்வாள்? கைக்குத் தெரிந்ததைச் செய்தாள். குதிரை எழும்பும் இடத்தில் வெட்டினாள். அது தனியாக ஓடும் இடத்தில் வெட்டினாள். நடுவில் இருந்ததைக் கூடையில் எறிந்துவிட்டு இரண்டு முனையையும் ஒட்டினாள். இப்போது குதிரை சுத்தமாகத் தாண்டியது. சேணம் காலியாக இருந்தது அவளுக்கு உறைக்கவில்லை. அவன் விழவில்லை, அது போதும் என்றிருந்தது.

வெட்டிய துண்டுகள் அறையில் தங்கக்கூடாது என்பது நிலையத்தின் விதி. ஒரு பொறி பட்டால் கூரை போய்விடும். மூன்று மணிக்குக் கிழவர் கபிட் கூடையை எடுத்துப் போய்க் கொதிக்கும் காரநீர்த் தொட்டியில் கொட்டுவார். படம் கரைந்து அதிலிருந்த வெள்ளி அடியில் தங்கும், படமில்லாத வெறும் ஃபிலிம் கண்ணாடி மாதிரி மிதக்கும். இன்றும் வந்தார். கூடையை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

மூன்று பத்துக்குத் தொலைபேசி மணி அடித்தது. அதே குமாஸ்தா. குரல் மாறியிருந்தது.

"அம்மா, உங்க தம்பி அங்க வந்தாரா?"

"அங்கதானே இருக்கான்?"

"குதிரை நல்லாத்தான் தாண்டுச்சு. இறங்குறப்ப மேல ஆள் இல்ல. பள்ளத்துல பாத்தாச்சு, வேலிக்குள்ள பாத்தாச்சு. நாப்பது பேர் கண்ணு முன்னாலம்மா..."

கூடை இருந்த இடத்தைப் பார்த்தாள்.

ஓடினாள். படிகள். முற்றம். கொட்டகை. ஆவி. கபிட் தடுப்பதற்குள் முழங்கை வரை கையைத் தொட்டிக்குள் விட்டாள். தோல் வெந்தது. விடவில்லை. ஒரு துண்டு அகப்பட்டது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

குதிரை இல்லை. வேலி இல்லை. கட்டத்துக்குக் கட்டம் சிரில் மட்டும். அவளையே பார்த்துக்கொண்டு. ஒன்றில் வாய் திறந்திருந்தது. அடுத்ததில் மூடியிருந்தது. அக்கா என்றுதான் சொல்கிறான். சத்தமில்லை. முழங்காலுக்குக் கீழே படம் கரைந்து வெறும் ஃபிலிம். அதற்கடுத்ததில், இடுப்புக்குக் கீழே.

காய்ந்தால் கரைவது நின்றுவிடும் என்று ஊதினாள். நழுவியதை இறுக்கிப் பிடித்தாள். கட்டைவிரல் பட்ட இடத்தில் அவன் தோள் சாம்பல் நிறத்தில் வழுக்கிக்கொண்டு வந்தது.

விரலை எடுத்தாள்.

அடுத்த கட்டத்தில் அவன், தோள் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.