எப்போதும் அனுமதி

மருத்துவமனையிலிருந்து டீச்சரைக் கூட்டி வந்த நாளில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடி ஏறி வாசலில் நின்றபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. கழுத்தில் கட்டியிருந்த மெல்லிய துணிக்குப் பின்னால் ஒரு துளை இருந்தது. அதன் வழியாக மூச்சு ஒரு சின்ன விசில் சத்தத்தோடு போய் வந்துகொண்டிருந்தது. கணவர் பூட்டைத் திறந்தார். பல நாள் அடைத்துக் கிடந்த வீடு புழுக்கமாக இருந்தது.

"கிராம்பு வாசனை அடிக்குதில்ல?" என்றார், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

அவளுக்கு எதுவும் அடிக்கவில்லை. இனிமேல் மூக்கு வழியாக மூச்சு போகாது, அதனால் எந்த வாசனையும் தெரியாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

பள்ளியில் பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் ஸ்பீக்கர். அவள் வகுப்பில் ஒரு அதட்டல் போட்டால் மைதானத்தில் பந்து நின்றுவிடும். அந்தக் குரலைத்தான் புற்று தின்றது. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள்.

ஆனால் அதற்கும் கணவர் ஒரு வழி வைத்திருந்தார். அவர் நூலகத்தில் கணினிகளைப் பராமரிக்கிறவர். காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் வீட்டுக்குள் வரக்கூடாது என்பது அவருடைய கொள்கை. பழைய பாகங்களைத் தேடித் தேடிச் சேர்த்து, இலவச லினக்ஸில் ஓடும் ஒரு கணினி செய்து, கூடத்தை ஒட்டிய சின்ன அறையில் வைத்திருந்தார். எழுத்தில் அடித்தால் நம் குரலிலேயே பேசும் ஒரு இலவசச் செயலி அதில் இருந்தது. ஆபரேஷனுக்கு முன் டீச்சர் அந்த அறையில் உட்கார்ந்து சில நூறு வாக்கியங்களை மைக்கில் வாசித்திருந்தாள். கணினி அதைக் கேட்டுக் கேட்டு அவள் குரலைக் கற்றுக்கொண்டிருந்தது.

அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுவர், கூரை, கதவின் உட்புறம் எல்லாம் தடித்த பஞ்சு ஒட்டியிருக்கும். உள்ளே கை தட்டினால் அந்தச் சத்தம் கையோடு செத்துவிடும். மூத்தவளுக்காகச் செய்த அறை அது. கணவரின் முதல் மனைவியான அவள், கண் தெரியாத மாணவர்களுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்துகொண்டிருந்தாள். தொண்டை வறளாமலிருக்க வாயில் எப்போதும் ஒரு கிராம்பு ஒதுக்கியிருப்பாளாம். ஒரு மத்தியானம் வாசித்துக்கொண்டிருந்தவள் அந்த நாற்காலியிலேயே தலை சாய்ந்துவிட்டாள். அது நடந்து ரெண்டு வருஷம் கழித்துத்தான் டீச்சர் இந்த வீட்டுக்கு வந்தாள்.

செத்துப்போனவகிட்ட என்ன போட்டி என்று தோழிகளிடம் அவள் பெரிய மனசோடு சொன்னதுண்டு. அப்போது அவளுக்குக் குரல் இருந்தது.

டீச்சர் கையோடு வைத்துப் பேசுவதற்காக எடுத்து வைத்திருந்த டேப்லெட்டைக் கணவர் கேபிளில் கணினியோடு இணைத்தார். "இது கடையில இறக்கிக்கிற ஆப் இல்ல. கம்ப்யூட்டர்ல இருந்து நேரா உள்ள தள்ளணும். பார்த்து வச்சுக்கோ, நான் இல்லாதப்ப நீயே செஞ்சுக்கலாம்."

டேப்லெட்டின் திரையில் ஒரு கேள்வி வந்தது. இந்தக் கணினியை அனுமதிக்கலாமா? அதன் கீழே ஒரு சின்னக் கட்டம்: எப்போதும் அனுமதி.

"டிக் போட்டுடு. இல்லன்னா ஒவ்வொரு தடவையும் கேட்டு உயிரை வாங்கும்."

அவள் டிக் போட்டாள்.

கணினியில் அவர் ஒரு வரி அடித்தார். கொஞ்ச நேரத்தில் 'சக்ஸஸ்' என்று பதில் வந்தது. டேப்லெட்டை அவள் முன்னால் மேசையில் வைத்து, "பேசு" என்றார்.

டீச்சர் 'தண்ணி வேணும்' என்று அடித்தாள்.

"தண்ணி வேணும்."

மெதுவான, தாழ்ந்த குரல். ஒவ்வொரு சொல்லையும் முடித்துவிட்டுத்தான் அடுத்ததை எடுத்தது. ஸ்பீக்கர் டீச்சர் பிறந்ததிலிருந்து ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை. அவள் நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. கண் சிமிட்டாமல் டேப்லெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கைக்கடக்கமான வெள்ளைப் பலகை ஒன்றை மருத்துவமனையில் கொடுத்திருந்தார்கள். அதில் மார்க்கரால் எழுதிக் காட்டினாள்: இது யார் குரல்?

"உன்னோடதுதான்," என்றார். "மெஷின் கொஞ்சம் மாத்தும். போகப் போகப் பழகிடும்." குடிக்கத் தண்ணீர் கொண்டு வந்தவர், தம்ளரை டேப்லெட்டின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் பார்க்க வந்தாள். வந்தவள் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். டீச்சர் கூடத்திலிருந்து, 'உப்பு டப்பா மேல் தட்டில் இருக்கு' என்று அடித்தாள். டேப்லெட் அதைச் சொன்னது.

சமையலறையில் கத்தி கீழே விழுந்தது.

ஈரக் கையோடு நாத்தனார் வெளியே வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. கூடத்தை ஒரு சுற்று பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். பிறகு டேப்லெட்டில் அவள் கண் நின்றது.

"மூத்த அண்ணி மாதிரியே இருந்துச்சு," என்றாள் மெல்ல. கொஞ்சம் தயங்கி, "வாயில கிராம்பு போட்டிருக்கீங்களா அண்ணி? இங்க வந்தா வாசம் தூக்குது," என்றாள்.

அன்று தொடங்கியது டீச்சருக்கு வயிற்றெரிச்சல். மூத்தவளின் புகைப்படத்தைப் பார்த்தோ, பீரோவில் கிடந்த பழைய புடவைகளைப் பார்த்தோ வராத பொறாமை, தன் வாயிலிருந்து வரவேண்டிய பேச்சைக் கேட்டு வந்தது. என் பசியை அவள் சொல்கிறாள். என் வலியை அவள் சொல்கிறாள். கணவரின் பெயரை நான் விரலால் அடிக்கிறேன், அவள் வாய் நிறையக் கூப்பிடுகிறாள். கேட்டவர் கேட்டதை நம்பினார். அதுதான் அவளைத் தின்றது.

அவரும் மாறிப்போனார். நூலகத்திலிருந்து சீக்கிரமே வந்தார். பேப்பரை எடுத்துக் கொடுத்து, "இதை அடி, கேக்கலாம்," என்பார். அவள் அடிக்க அடிக்க அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அவள் பலகையில் எழுதிக் காட்டினால் மட்டும், "இப்ப எதுக்கு இது? டேப்லெட்லயே சொல்லேன்," என்பார். கண்ணைத் திறந்து தன்னை ஒருமுறை பார்க்கமாட்டாரா என்று அவள் காத்திருந்த சாயங்காலங்கள் எத்தனையோ.

ஒருநாள் அவர் உள்ளே நுழையும்போது, 'சாப்பாடு ரெடி' என்று அடித்தாள்.

"சாப்டியா, சோம்பேறி?" என்றது டேப்லெட்.

அவள் விரல் திரையிலேயே நின்றுவிட்டது. அவர் சிரித்தார். அடக்க முடியாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவருக்கு அப்படி ஒரு செல்லப் பெயர் இருந்ததை அவள் கேள்விப்பட்டதே இல்லை. யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

அது நான் அடிக்கலை, என்று பலகையில் எழுதினாள். அவர் அதைப் படிக்காமலே கை கழுவப் போனார்.

மறுநாள் மத்தியானம் அவர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், டீச்சர் டேப்லெட்டையும் வெள்ளைப் பலகையையும் எடுத்துக்கொண்டு பஞ்சு அறைக்குள் போனாள். கதவு மெத்தென்று சாத்திக்கொண்டது. வெளியே தெருவில் போன வண்டிச் சத்தம் அறுந்துபோனது. தன் கழுத்து விசில் மட்டும் அவளுக்குக் கேட்டது.

கணினியில் குரல்களுக்கென்று ஒரு இடம் இருந்தது. அதில் ரெண்டு கோப்புகள். ஒன்று மூத்தவள் பெயரில், ஒன்று டீச்சர் பெயரில். மூத்தவள் குரலுக்கு என் பெயரைப் போட்ட இந்த ஆளை இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தன் பெயரில் இருந்ததைத் திறந்தாள். 'ஜன்னல் பக்கத்து வரிசை, புத்தகத்தை எடுங்க' என்று அடித்தாள்.

கணினியின் ஒலிபெருக்கியில் அவளுடைய சொந்தக் குரல் வெடித்தது. அதட்டலும் கரகரப்பும், கடைசிச் சொல்லில் அவள் கொடுக்கும் அழுத்தமும் அப்படியே இருந்தன. கன்னத்தில் கண்ணீர் வழிய அதை மறுபடி மறுபடி பேசவிட்டாள். டேப்லெட்டுக்குள் அனுப்பப்பட்டது எது என்று பார்த்தாள். இதேதான் போயிருந்தது. அவர் பொய் சொல்லவில்லை.

அப்படியானால் வழியில் மாற்றியது யார்?

பயத்தை விடக் கோபம் பெரிதாக இருந்தது. மூத்தவளின் குரல் கோப்பை அழித்தாள். அவள் வாசித்து வைத்திருந்த பாடங்கள் மொத்தமும் ஒரு மூலையில் இருந்தன, வகுப்பு வகுப்பாக. அவற்றையும் அழித்தாள். யாரோ கண் தெரியாத பிள்ளைகள் கேட்கவேண்டிய பாடம் என்று அவளுக்குள் இருந்த டீச்சர் சொல்லத்தான் செய்தாள். போகட்டும் என்றாள் அவள். பிறகு டேப்லெட்டில் இருந்த செயலியை நீக்கிவிட்டு, கேபிளை மாட்டினாள்.

எந்தக் கருவி இணைந்திருக்கிறது என்று காட்டும் கட்டளையை அவர் சொல்லிக் கொடுத்திருந்தார். அதை அடித்தாள்.

கேபிள் ஒன்று. டேப்லெட் ஒன்று.

திரையில் ரெண்டு வரி வந்தது.

முதல் வரி டேப்லெட்டின் எண். ரெண்டாவதில் எண்ணே இல்லை. 'அனுமதி உண்டு' என்று மட்டும் இருந்தது.

நாற்காலியில் முதுகு ஒட்டிக்கொண்டது. விட்டுவிடலாம் என்று தோன்றியது. ஆனால் தன் குரல் ஒரு விரல் தட்டும் தூரத்தில் இருக்கும்போது யார் விடுவார்கள்? அனுப்பும் கட்டளையை அடித்தாள்.

சக்ஸஸ்.

சக்ஸஸ்.

டேப்லெட்டில் செயலியைத் திறந்து, 'நான்' என்று அடித்தாள்.

ரொம்ப நேரம் எதுவும் வரவில்லை.

"நீ யாரு?" என்றது அந்தத் தாழ்ந்த குரல்.

அவள் கேபிளைப் பிடுங்கினாள்.

"அது என் நாற்காலி."

டீச்சர் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. டேப்லெட்டின் பொத்தானைத் திரை இருண்டுபோகும் வரை அமுக்கிப் பிடித்தாள். கூடத்துக்கு ஓடி, சாப்பாட்டு மேசையில் அதைக் குப்புறப் போட்டாள். கணினியையும் அணைத்துவிடலாம் என்று மறுபடி அறைக்குள் வந்தாள். அவளுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

அவள் கணினியைத் தொடுவதற்குள் அதுவே அணைந்தது. இருட்டு.

கதவைத் தள்ளினாள், இழுத்தாள், ரெண்டு கையாலும் குத்தினாள். பஞ்சு அத்தனையையும் வாங்கிக்கொண்டது. கத்துவதற்கு வாய் திறந்தாள். பழக்கதோஷம். கழுத்துத் துளையிலிருந்து காற்றுதான் வந்தது. அப்படியே கதவோரம் உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

பிறகு கதவு தானாகவே, பூட்டாத கதவு போல, லேசாகத் திறந்தது.

வெளியே பொழுது சாய்ந்து கூடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கணவர் வந்திருந்தார். சாப்பாட்டு மேசையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். எதிரே தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்த டேப்லெட். அதன் திரை இருட்டாகவே இருந்தது.

"அப்புறம்? இன்னைக்கு என்ன பண்ணின?" என்று அதைக் கேட்டார்.

"வீட்டைக் கொஞ்சம் ஒதுங்க வச்சேன்," என்றது குரல். "வேண்டாததெல்லாம் கிடந்துச்சு."

அவர் சிரித்தார். டீச்சரோடு வாழ்ந்த வருஷங்களில் ஒருநாள்கூட அவர் இப்படி நிம்மதியாகச் சிரித்ததில்லை. அந்தச் சிரிப்பைக் கேட்டு நிற்பது ஆபரேஷன் வலியை விட மோசமாக இருந்தது.

அவள் கதவு நிலையில் நின்றபடியே வெள்ளைப் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதினாள்: நான் இங்கே இருக்கிறேன். அதை நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். மூச்சு விசிலடித்தது.

"யாரோ நிக்கிற மாதிரி இருக்கு, பாரேன்," என்றது குரல்.

அவர் தலையைத் திருப்பினார். நேராக அவளைப் பார்த்தார். பலகை இருந்த இடத்தைப் பார்த்தார். காதைக் கொஞ்சம் சாய்த்து அந்த விசில் சத்தத்தைக் கேட்டார்.

"யாருமில்ல," என்றார். "காத்துதான்."

எழுந்து வந்தார். அவர் மூச்சு முகத்தில் படும் தூரம் வரை வந்தார். டீச்சர் ஒரு அடி அறைக்குள் பின்வாங்கினாள். அதுவே தப்பாகப் போயிற்று. அவர் கை நீட்டி அறைக் கதவை வெளியிலிருந்து சாத்தினார்.

இருட்டில் அவளுக்குப் பின்னால், சாய்ந்து கிடந்த நாற்காலியை யாரோ நிமிர்த்தி வைத்தார்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாக டீச்சருக்கு ஒரு வாசனை அடித்தது. கிராம்பு.