விளக்கு விட்ட துறையின் தண்ணீர்

காலையில் கூடத்துக்கு வந்த ஜென்-வெய் வழக்கம்போல முதலில் பார்த்தது தொட்டியைத்தான். நேற்றுவரை பளிங்காக இருந்த பவளத் தொட்டி, அரிசி களைந்த தண்ணீர் போலக் கலங்கிக் கிடந்தது. மீன்களெல்லாம் வலது மூலையில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஒண்டியிருந்தன. இடது பக்கம் ஒன்றுகூடப் போகவில்லை.

கலங்கல் அவனுக்குப் புதிதல்ல. மணலைக் கிளறினால் கலங்கும், சுண்ணச்சத்தை அவசரப்பட்டு ஊற்றினால் கலங்கும், கிருமி பெருகினாலும் கலங்கும். சோதனைக் குப்பிகளில் தண்ணீர் எடுத்து, மருந்துச் சொட்டு விட்டுக் குலுக்கிப் பார்த்தான். அம்மோனியா இல்லை, உப்பளவும் சரி. எல்லாம் ஒழுங்காக இருக்கும்போது தண்ணீர் மட்டும் எதற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறது என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

வெளியே புயல். கீலுங் நகரம் முழுக்க விடுமுறை; ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அவன் மனைவிக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை. வீட்டில் அவனும் ஐந்து வயது மகள் யுன்-ஷியும்தான் இருந்தார்கள். ஜன்னல்களின் இரும்புத் தகடுகளை இறக்கிவிட்டதால் பட்டப்பகலிலேயே கூடம் இருண்டு, தொட்டியின் நீல வெளிச்சம் மட்டும் சுவரில் அசைந்துகொண்டிருந்தது.

ஃபில்டர் பஞ்சைக் கழற்றினான். இவ்வளவு கலங்கலுக்கு அது சேறாகியிருக்க வேண்டும். வாங்கி வந்த அன்று போலச் சுத்தமாக இருந்தது. குனிந்து மோந்தான். மீன் செத்த நாற்றமில்லை. ஊதுவத்தியும் எரிந்த காகிதமும் கலந்த வாசனை, ஈரத்தோடு, மூக்குக்குள் ஏறியது.

யுன்-ஷி கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றாள். பேர் சொல்லி அதட்டினான். போனாள், வந்தாள். மறுபடி பேர் சொல்லி அதட்டினான். காலையிலிருந்து இதே பாட்டாக இருந்தது.

கடைசியில் பவளம் விற்கும் சிநேகிதன் ஆ-கூனுக்குப் போன் போட்டான். புதுத் தண்ணீர் மாற்றினாயா என்று அவன் கேட்டான். வாங்ஹாய் துறைக் கடலிலிருந்து கேனில் பிடித்து வந்ததாக ஜென்-வெய் சொன்னான். என்றைக்கு என்று கேட்டபோதுதான் அவனுக்கே உறைத்தது. விளக்கு விட்ட மறுநாள் விடியலில்.

ஆவிகளின் மாதமான ஏழாம் மாதத்தில் அந்தத் துறையில்தான் காகித வீடு போன்ற விளக்குகளைக் கொளுத்திக் கடலில் விடுவார்கள். முழுகிச் செத்தவர்கள் அந்த வெளிச்சத்தைப் பிடித்துக் கரையேறி வந்து, ஊர் வைக்கும் படையலைச் சாப்பிட வேண்டும். ஜென்-வெய்க்கு அது வருஷா வருஷம் வரும் போக்குவரத்து நெரிசல், அவ்வளவுதான்.

"விருந்துக்குக் கூப்பிட்டவங்களையா கேன்ல அள்ளிட்டு வந்தே?" என்றான் ஆ-கூன். அவன் குரலில் கேலி இல்லை. "டேய், அந்தத் தண்ணிகிட்ட நின்னு யார் பேரையும் சொல்லிடாதே. பேரு தெரிஞ்சா மாத்துக்கு ஆள் பிடிச்சிடுவாங்க. தன் இடத்துல ஒருத்தரை விட்டாத்தானே அவங்களுக்கு விடுதலை."

ஜென்-வெய் போனை வைத்துவிட்டுத் தொட்டியைப் பார்த்தான்.

மகளைப் படுக்கையறையில் பொம்மைகளோடு உட்கார வைத்துக் கதவைச் சாத்தினான். பவளம் செத்தால் சாகட்டும். நீளமான குழாயின் ஒரு முனையைத் தொட்டிக்குள் அமிழ்த்தி, மறுமுனையைக் குளியலறைக்கு இழுத்துப் போய்த் தண்ணீரை வெளியே விட்டான். தகடுகளைக் காற்று உலுக்கியது. குழாயிலிருந்து சளசளவென்று தண்ணீர் கொட்டியது.

தெளிந்த தண்ணீர். கலங்கலே இல்லை.

அப்போது கூடத்தில் யாரோ பேசினார்கள்.

"யுன்-ஷி, இங்க வா குட்டி."

அவனுடைய குரல்.

"வர்றேம்ப்பா."

படுக்கையறைக் கதவு திறந்தது. ஸ்டூல் தரையில் உரசியது. போகாதே என்று கத்த வாயெடுத்தான். முதலில் வந்தது அவள் பேர். அதைச் சொல்லலாமா, கூடாதா? வாயை மூடிக்கொண்டான். ஓடினான். ஈரத்தில் வழுக்கி விழுந்தான். முழங்கால் தெறித்தது. எழுந்தான்.

கூடம் அமைதியாக இருந்தது.

தொட்டி தெளிந்திருந்தது. ஒவ்வொரு பவளமும், ஒவ்வொரு மணல்துகளும் தெரிந்தது. மீன்கள் தொட்டி முழுக்கச் சுற்றின. யுன்-ஷி தொட்டிக்கு முன்னால் ஸ்டூலில் நின்றாள். தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டியது.

மெதுவாகத் திரும்பினாள்.

"பசிக்குதுப்பா," என்றாள். "ரொம்ப நாளா பசிக்குது."

அவள் திரும்பியிருந்தாள். கண்ணாடியில் தெரிந்த அவள் உருவம் திரும்பவில்லை.

அது அவனையே பார்த்தது. அழுதது. அப்பா என்று வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. உள்ளேயிருந்து கண்ணாடியைத் தட்டியது.

கைக்குக் கிடைத்த நாற்காலியைத் தூக்கினான். ஓங்கினான். உடைத்தால் தண்ணீர் ஓடிவிடும். தண்ணீர் போனால் அவள் எங்கே போவாள்? நாற்காலியைக் கீழே போட்டான். பின்னால் குளியலறையில் குழாய் இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. பாய்ந்து அதன் முனையைத் தொட்டியிலிருந்து பிடுங்கி எறிந்தான்.

குளிர்ந்த சின்னக் கை ஒன்று அவன் விரல்களைப் பற்றிக்கொண்டது.

தொட்டியின் அடியிலிருந்து வெண்மை எழுந்தது. இடுப்புவரை. கழுத்துவரை. அசையும் வாய்வரை. கண்களும் மறைந்தன. கண்ணாடியில் இரண்டு சின்ன உள்ளங்கைகள் மட்டும், அழுந்தி, வெளுத்து, தட்டிக்கொண்டே இருந்தன.