பெயர் மாற்றிய தர்மம்

வீல் என்று ஓர் அலறல்!

காலை மணி பத்து. அலறியது சிஸ்டர். பதினோரு வருடமாக ரத்தத்தோடு புழங்குகிறவள். அவளே அலறினாள் என்றால் விஷயம் சாதாரணமில்லை.

மாடிப்படியின் கீழே பெரியம்மா கிடந்தாள். தலை தரையில்... கால் மூன்றாவது படியில். நாடி இல்லை.

கட்டடம் அவளுடையது. மாடியில் தனியாகக் குடியிருந்தாள். கீழே ஆறு டயாலிசிஸ் மெஷின்கள். அவையும் அவள் வாங்கிப் போட்டவைதான். கிட்னி போனவர்கள் வாரம் மூன்று தடவை வந்து படுத்து, நாலு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போவார்கள். முழுக்க இலவசம்! முப்பத்தாறு பேர் அந்த மெஷின்களை நம்பி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். இடத்தைப் பூட்டினால் ஒருத்தர் கூட ஒரு மாதம் தாங்க மாட்டார்.

இன்ஸ்பெக்டர் வந்தாள். ஆள் ஒல்லி, வாய் நீளம்.

அவள் பின்னாலேயே சேர்மன் வந்தார். மையத்தை நடத்தும் டிரஸ்ட்டின் தலைவர். எல்லோருக்கும் அவள் பெரியம்மாதான் என்றாலும், முறைப்படி அப்படிக் கூப்பிடுகிறவர் அவர் ஒருவரே. அவள் கணவனுடைய தம்பி மகன். அவரை விட்டால் அவளுக்கு வேறு சொந்தம் இல்லை.

படியில் உட்கார்ந்து கேவினார். காலையிலிருந்து வீட்டு வாசலைத் தாண்டவில்லையாம். சிஸ்டர் போன் செய்த பிறகுதான் சேதியே தெரியுமாம். வயசான காலத்தில் மாடி வேண்டாம், மாடி வேண்டாம் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டாராம்.

கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கைக்குட்டை மட்டும் மாங்கு மாங்கென்று உழைத்தது.

இன்ஸ்பெக்டர் சுற்றிலும் பார்த்தாள். ஐந்து மெஷின்கள் கதவு சாத்திய பெரிய ஏ.சி. ஹாலில்; வெளிச் சத்தம் உள்ளே வராது. ஆறாவது மட்டும் படிக்கட்டை ஒட்டிய கண்ணாடிக் கதவு போட்ட தனி அறையில்; ஹாலிலிருந்தும் அதற்கு ஒரு வழி உண்டு. மஞ்சள் காமாலைக் கிருமி உள்ளவருக்கு மெஷினும் தனி, அறையும் தனி என்று சிஸ்டர் விளக்கினாள். அதில் படுத்திருந்தவர் ஒரு லாரி டிரைவர். கையில் இரண்டு ஊசி, குழாயில் ரத்தம்... எழுந்து நிற்கக் கூட முடியாத நிலை.

எதையாவது பார்த்தாரா என்று இன்ஸ்பெக்டர் கேட்டாள்.

"தூங்கிட்டேன் மேடம்."

சிஸ்டர் அவருடைய சார்ட்டை நீட்டினாள். அரை மணிக்கு ஒரு தடவை பிரஷர் எடுத்து எழுதுவது அங்கே வழக்கம். ஒன்பதுக்கு நூற்று நாற்பது. ஒன்பதரைக்கு நூற்று நாற்பது. பிணத்தைப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் முன்னால், பத்துக்கு... இருநூற்றுப் பத்து!

"தூங்கறவருக்கு இப்படி ஏறாது மேடம்" என்றாள் சிஸ்டர்.

டிரைவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

பதினோரு மணிக்கு வக்கீல் வந்தார். கையில் ஃபைல். பெரியம்மாதான் வரச் சொல்லியிருந்தாள். சேர்மன் இந்தக் கட்டடத்துக்கு ஒரு பில்டரிடம் விலை பேசுகிறார் என்று போன வாரம் அவள் காதில் விழுந்திருக்கிறது. உயிரோடிருக்கும்போதே, யாரும் விற்க முடியாதபடி தானப் பத்திரம் எழுதிவிடலாம் என்று முடிவு செய்திருந்தாள். இன்றைக்குக் கையெழுத்து. அது சேர்மனுக்கும் தெரியும்.

கையெழுத்துப் போட வேண்டியவள் வெள்ளைத் துணிக்குள் கிடந்தாள்.

மிச்சமிருந்தது பழைய உயில். ஆறாம் நம்பர் அறை வாசலில் நின்றே வக்கீல் அதைப் படித்தார். ஏழைகளுக்கு என்றென்றும் இலவச டயாலிசிஸ் நடப்பதற்காக, கட்டடமும் மெஷின்களும் அவள் கணவர் பெயரிலுள்ள டிரஸ்ட்டுக்குச் சேர வேண்டும்.

சேர்மன் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். அழுகை முடிந்துவிட்டது.

"டிரஸ்ட்னா நான்தான். முப்பது நாள்ல இடம் காலியாகணும்."

சிஸ்டர் முன்னால் வந்தாள். பதினோரு வருடத்தில் யாரையும் எதிர்த்துப் பேசாத வாய் அது.

"முப்பத்தாறு பேரைப் பாடையில ஏத்திட்டு இங்க கடை கட்டுவீங்களா? அந்தம்மா வயித்தெரிச்சல் சும்மா விடுமா உங்களை?"

சட்டப்படி நடப்பதாகச் சேர்மன் சொன்னார். சட்டம்! அந்த வார்த்தையை அந்த வாயில் கேட்க எரிச்சலாக இருந்தது.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க டிரஸ்ட் பேர் என்ன சார்?"

"எங்கப்பா பேரு. வாசல்ல போர்டு பார்க்கலையா? ஆறு மாசம் முன்னாடி மாத்தினேன்."

"நீங்க மாத்தலை. பழசைக் கலைச்சிட்டீங்க. பழசுல இருந்தா எதை விக்கறதுக்கும் இன்னும் ரெண்டு பேர் சம்மதம் வேணும். அந்த ரெண்டு பேரையும் கழட்டி விட, புதுசா ஒண்ணு பதிவு பண்ணீங்க. பழசுக்கும் இதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லைன்னு உங்க கைப்பட எழுதிக் குடுத்திருக்கீங்க. உயில்ல இருக்கறது உங்க பெரியப்பா பேரு. அந்தப் பேர்ல இப்ப டிரஸ்ட்டே கிடையாது."

சேர்மன் முகம் சுண்டியது... ஒரே ஒரு நொடி. அப்புறம் சிரித்தார். வாய்விட்டு, பிணத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு!

"ரொம்ப நல்லதாப் போச்சு. வாங்கிக்க ஆள் இல்லைன்னா வாரிசுக்குத்தானே வரும்? வாரிசு நான் ஒருத்தன்தான்."

"தனி மனுஷனுக்கு எழுதியிருந்தா நீங்க சொல்றது சரி" என்றார் வக்கீல். "இது தர்மத்துக்கு எழுதினது. பேரு போனாலும் நோக்கம் போகாது. டயாலிசிஸ் நடக்கணும்னு அவங்க எழுதியிருக்காங்க. அதே வேலையைச் செய்யற வேற ஒரு நல்ல டிரஸ்ட்டாப் பார்த்துக் கோர்ட் ஒப்படைக்கும். உங்களுக்கு ஒரு செங்கல் கூட வராது. கோர்ட் உத்தரவு வர்ற வரைக்கும் இதை யாரும் பூட்ட விட மாட்டேன்."

கண்ணாடிக் கதவுக்கு உள்ளேயிருந்து ஒரு குரல்.

"வக்கீல் சார்... அப்ப இந்த மெஷின் இவர் கையில இல்லையா?"

"இல்லைப்பா."

டிரைவர் இந்தப் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"மேடம், நான் தூங்கலை. ஒன்பதே முக்காலுக்கு மாடியில சண்டை. கையெழுத்துப் போடக் கூடாதுன்னு இவர் கத்தினாரு. மேல் படியில நின்னு தள்ளி விட்டதை இந்தக் கதவு வழியாப் பார்த்தேன். இறங்கி வந்து என் பக்கத்துல குனிஞ்சு, 'வாரம் மூணு நாள் மெஷின் வேணும்ல உனக்கு? நீ தூங்கிட்டிருந்தே'ன்னு சொல்லிட்டுப் பின்பக்கமாப் போனாரு. எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க மேடம். பொறுத்துக்கிட்டேன். சோறு போட்ட மாதிரி உயிர் போட்ட மகராசி அவங்க... ஊசியைப் பிடுங்கிட்டாவது எழுந்திருச்சிருக்கணும் நான்."

சிஸ்டர் அவர் கையை அழுத்திப் பிடித்தாள். ஊசி நகர்ந்துவிடக் கூடாதே என்ற பயம்.

சேர்மன் கண்ணால் வாசலை அளந்தார். இரண்டு கான்ஸ்டபிள்கள் வாசலை அடைத்தார்கள்.

தான் யார் தெரியுமா, யார் பிள்ளை தெரியுமா என்று அவர் குதித்தார். இன்ஸ்பெக்டர் அலட்டிக்கொள்ளாமல் விலங்கை மாட்டினாள்.

"அவசரப்படாதீங்க சார். ஸ்டேஷன்லயும் முதல்ல அப்பா பேரைத்தான் கேட்போம். வாய் நிறையச் சொல்லுங்க."