பிணம் கேட்ட பாஸ்வேர்டு

போன் அலறியது.

சாவியக்கா எடுக்கவில்லை. வாயில் பாதி பிஸ்கட்.

அந்த இரும்பு வார்ப்பாலையில் முந்நூற்று நாற்பது பேர். முந்நூற்று நாற்பது பாஸ்வேர்டு. தினமும் பத்துப் பேராவது மறந்து தொலைப்பார்கள். மறந்தவனுக்கு ஒரு பிஸ்கட் நேரம் பொறுக்கத் தெரியாதா?

பன்னிரண்டு வருஷம் மணல் சலித்தவள் அவள். முழங்கை வரைக்கும் தீப்பொறித் தழும்பு. கம்பெனி எல்லாக் கணக்கையும் கிளவுடுக்கு ஏற்றியபோது பயிற்சிக்குப் போனவர்கள் எட்டுப் பேர். தேறியது இவள் ஒருத்திதான். அன்றிலிருந்து நிர்வாகி. யார் பூட்டிக்கொண்டாலும் திறந்துவிடுகிறவள் என்பதால் சாவியக்கா.

ஏழாவது மணியில் எடுத்தாள்.

"நான் மேனேஜர் பேசறேன்." தொண்டை கட்டிய குரல். "என் கணக்கு லாக் ஆயிடுச்சு. சீக்கிரம் ரீசெட் பண்ணு."

"போன வாரம்தானே சார் பண்ணிக் குடுத்தேன்?"

"கேள்வி கேக்கவா உனக்குச் சம்பளம்?"

ஆள் அவரேதான். சந்தேகமே இல்லை.

நிர்வாகப் பக்கத்தில் அவர் பெயரைத் தேடிச் சொடுக்கினாள். 'பாஸ்வேர்டை மாற்று.' தற்காலிகப் பாஸ்வேர்டு ஒன்று திரையில் வந்து நின்றது.

"எழுதிக்குங்க சார். பெரிய கே, நாலு, சின்ன எம், முட்டை..."

"முட்டையா?"

"ஜீரோ சார்."

முழுசும் சொல்லி முடித்தாள். "இதைப் போட்டதும் புதுசா ஒண்ணு வைக்கச் சொல்லும் சார். அதுல பழசை..."

டொக். வைத்துவிட்டார்.

மணி பத்தேகால்.

பத்து நாற்பதுக்குக் கதவை முட்டித் தள்ளிக்கொண்டு வந்தார் அவள் புருஷன். கிரேன் ஓட்டுபவர். முகத்தில் ஈயாடவில்லை.

"ஏய்... காந்தத்துல கழிவு இரும்பை அள்ளினேன். அடியில மேனேஜர் கிடக்கார்."

"அங்க போயா தூங்கறார்?"

"செத்துக் கிடக்கார்டி!"

பிஸ்கட் கீழே விழுந்தது.

*

இன்ஸ்பெக்டர் பென்சிலால் காது குடைந்துகொண்டே விசாரித்தார். குடைவதை நிறுத்தினால் கோபம் என்று அர்த்தம்.

"எட்டு மணிலேர்ந்து ஒன்பதுக்குள்ள உயிர் போயிருக்குன்னு டாக்டர் சொல்றார். நீ பத்தேகாலுக்கு அவர் பாஸ்வேர்டை மாத்தியிருக்கே. யாருக்கும்மா குடுத்தே?"

"அவருக்குத்தான் சார்."

"பொணத்துக்கா?"

"பேசும்போது நல்லாத்தான் திட்டினார்."

கான்ஸ்டபிள் ஒருவர் சிரித்தார். இன்ஸ்பெக்டர் குடைவதை நிறுத்தினார்.

"இங்க பாரும்மா. முகம் கருகிப் போச்சு. ஆனா சட்டை அவரோடது. வாட்ச் அவரோடது. கழுத்துல தொங்கற அட்டை அவரோடது. போன மாசம் கிரேன் சங்கிலி அறுந்து ரெண்டு பேர் செத்தாங்களே, அந்தக் கேஸுக்கு இவர் கணக்குக்கு வந்த லெட்டருங்கதான் ஆதாரம். கொன்னவன் இப்ப அதை அழிச்சுக்கிட்டிருப்பான். சாவியை எடுத்துத் தட்டுல வெச்சு நீட்டினது நீ. கிளம்பு ஸ்டேஷனுக்கு."

சாவியக்கா நாற்காலியை விட்டு எழவில்லை. செத்த இரண்டு பேரில் ஒருத்தி, அவளோடு ஒரே சல்லடையின் மறுமுனையைப் பிடித்தவள். அவள் சாவுக்கு இருக்கிற ஆதாரத்தைத் தன் கையாலேயே தூக்கிக் கொடுத்துவிட்டோமா?

புருஷன் முன்னால் வந்தார். "சார், பொணத்தைத் தூக்கினது நான். என்னையும் கூட்டிட்டுப் போங்க."

"ஜீப்புல இடம் இல்லை."

"நான் தொத்திக்கிட்டு வர்றேன் சார்."

"நீங்க சும்மா இருங்க," என்றாள் சாவியக்கா. "எனக்கு ரெண்டு நிமிஷம் குடுங்க சார். என் கணக்குல நீங்க பாத்தது ஒரு வரி. அவர் கணக்குல என்னென்ன நடந்ததுன்னு முழுப் பதிவும் கிளவுடு வெச்சிருக்கும். அதைப் படிச்சுட்டு வர்றேன்."

படித்தாள். விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது.

பத்து பதினெட்டு: தற்காலிகப் பாஸ்வேர்டு சரி.

பத்து பத்தொன்பது: புதிய பாஸ்வேர்டு மறுக்கப்பட்டது. காரணம், முன்பே உபயோகித்தது.

பத்து இருபது: மறுக்கப்பட்டது. அதே காரணம்.

பத்து இருபத்தொன்று: மறுக்கப்பட்டது. அதே காரணம்...

சாவியக்கா சிரித்தாள். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"பயத்துல மூளை பிசகிடுச்சு சார்," என்றார் புருஷன் கலவரமாக.

"எனக்கு ஒண்ணும் பிசகல. சார், நீங்க கொலைகாரன்னு வெச்சுக்குங்க."

"அடிங்..."

"ஒரு பேச்சுக்கு சார். புதுசா ஒரு பாஸ்வேர்டு வையின்னு கேக்குது. என்ன பண்ணுவீங்க?"

"வாய்க்கு வந்ததைத் தட்டிட்டு வேலையைப் பாப்பேன்."

"இந்த ஆளு அப்படிப் பண்ணல. மேனேஜர் ஏற்கெனவே வெச்சிருந்த பழசையே திரும்ப வெக்கப் பாத்திருக்கான். ஆகாதுன்னு சொல்லியும் கேக்கல. மூணு தடவை! பத்து இருபத்திமூணுக்குத்தான் மனசு வந்து புதுசு வெச்சிருக்கான்."

"சரி, அதனால?"

"ஒவ்வொரு ரீசெட்டுக்கும் எங்கிட்ட இதே மல்லுக்கட்டு சார். 'நான் வெச்ச பாஸ்வேர்டு, நான் எத்தனை தடவை வேணா வெப்பேன், கிளவுடு யாரு கேக்க?'ன்னு குதிப்பார். அந்தப் பழசும் அவருக்குத்தான் தெரியும். அந்த அடமும் அவருக்குத்தான் வரும்."

"அப்போ..." இன்ஸ்பெக்டரின் பென்சில் காதிலேயே நின்றது.

"மேனேஜர் சாகல சார்."

"பின்ன அங்க படுத்திருக்கறது யாரு?"

புருஷன் தலையில் அடித்துக்கொண்டார். "சங்கிலி பரிசோதகர்! காலையில ஏழரைக்கு வந்தார் சார். திரும்பிப் போனதை நான் பாக்கல. சங்கிலியில விரிசல்னு ரெண்டு மாசம் முன்னாடியே மேனேஜருக்கு எழுதிப் போட்டவர் அவர்தான். சாட்சி சொல்லப் போறேன்னு எங்கிட்டயே சொன்னார்."

சாட்சியும் காலி. குற்றவாளியும் 'காலி'. மிச்சம் அந்த லெட்டர்கள்தான். அதையும் அழித்துவிட்டால் யார் மேல் கேஸ்?

"இப்பவும் அழிச்சுக்கிட்டுதான் இருக்கார்," என்றாள் சாவியக்கா. மறுபடி ஒரு ரீசெட். கூடவே இன்னொரு பொத்தான்: 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்று.' தட்டினாள். "வெளிய தள்ளிட்டேன். அழிச்ச லெட்டரெல்லாம் இன்னும் கிளவுடுலதான் கிடக்கு. நான் மீட்டுடுவேன்."

"லெட்டரை விடு. ஆள் எங்க?"

"அவரே சொல்வார் சார்."

ஒன்றரை நிமிஷம்.

போன் அலறியது!

ஒலிபெருக்கியில் போட்டாள்.

"ஹலோ... நான் மேனேஜரோட மச்சான் பேசறேன்." மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுகிற குரல். "மாமா போய்ட்டாராமே. தங்கமான மனுஷன்."

"அப்படியாங்க? எங்களுக்குத் தெரியாமப் போச்சே. எங்கேர்ந்து பேசறீங்க?"

"வெளியூர். பஸ்ஸுல வந்துக்கிட்டிருக்கேன்."

போனின் சின்னத் திரையில் பளிச்சென்று உள் எண் நாற்பத்தேழு. பழைய மர அச்சுகளை அடுக்கிவைத்திருக்கும் பின்கட்டு அறை!

விரலால் திரையைக் காட்டினாள். கான்ஸ்டபிள்கள் பறந்தார்கள். அவர்களுக்கு முன்னால் அவள் புருஷன் பறந்தார்.

"மாமா கணக்குல குடும்பப் போட்டோ இருக்கும்மா. பாஸ்வேர்டு குடுத்தீன்னா..."

"தாராளமா எழுதிக்குங்க. கொஞ்சம் நீளம்."

"பரவால்ல."

"அறுபது எழுத்து."

எதிர்முனையில் ஒரு பெருமூச்சு. "...சொல்லு."

சொன்னாள். நிறுத்தி நிதானமாக, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொன்னாள். முப்பத்தெட்டாவது எழுத்தில் அங்கே கதவு உடைகிற சத்தம். மர அச்சுகள் தடதடவென்று சரிகிற சத்தம். பிறகு புருஷனின் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு:

"சார், பஸ்ஸு நின்னுடுச்சு."

*

இழுத்துவந்தார்கள். பரிசோதகரின் சட்டை, இரண்டு அளவு சின்னது. தலையெல்லாம் மரத்தூள். கைமுட்டிக்குள் கசங்கிய காகிதம், அதில் முப்பத்தெட்டு எழுத்து.

சங்கிலிக் கேஸோடு கொலைக்கேஸும் தலைக்கு மேல் தொங்குகிறது. மனுஷன் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. நேராகச் சாவியக்காவைப் பார்த்துத்தான் பாய்ந்தார்.

"பாதியில நிறுத்திட்டியே! இன்னும் இருபத்திரண்டு எழுத்து பாக்கி இருக்கு. அது இல்லாம நான் எப்படி உள்ள போறது?"

இன்ஸ்பெக்டர் விலங்கை மாட்டினார்.

"அந்தக் கவலை வேண்டாம் சார்," என்றாள் சாவியக்கா, அடுத்த பிஸ்கட்டைப் பிரித்துக்கொண்டே. "இவர் கூடப் போங்க. பாஸ்வேர்டே கேக்காம உள்ள போடுவாங்க."