எந்த ஜூலி

நாலாவது மாடியின் கடைசி அறைக்கு வெளியே ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. வெள்ளி நிறம், விரல் நீளத்துக்குக் குதிகால், ஒன்றில் வார் அறுந்திருந்தது. ஊரில் வீட்டுப் படிக்குக் கீழே கழற்றி விடுகிற மாதிரி, முனை கதவைப் பார்க்க, ஒழுங்காக. இந்த விடுதியில் யாரும் செருப்பை வெளியே கழற்றுவதில்லை என்பதை மாடி ஏறும்போதே கம்பூன் பார்த்திருந்தான். கீழே மேசையிலிருந்து இங்கே வரைக்கும் எல்லாரும் மணல் ஒட்டிய செருப்போடுதான் நடந்திருந்தார்கள். அந்த ஜோடியைச் சுற்றித் தரைவிரிப்பு நனைந்து கறுத்துப்போயிருந்தது.

"அறை காலியாத்தானே இருக்கு?"

"ஆறு வாரமா காலி." சாவி கொண்டுவந்த பையன் கொட்டாவி விட்டான். "சீக்கிரம் முடிச்சிட்டுக் கிளம்புங்க பெரியவரே. பக்கத்துல ஆள் தூங்குறாங்க."

காலை எட்டு மணி. பட்டாயா அப்போதுதான் படுத்திருந்தது. கீழே தெருவில் மதுக்கடைக்காரர்கள் குழாய் வைத்துத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். புளித்த பீரும் பினாயிலும் வெள்ளைக்காரர்கள் வெயிலுக்குப் பூசுகிற தேங்காய் எண்ணெயும் கலந்த வாடை நாலு மாடி ஏறி வந்து ஜன்னல் திரையில் உட்கார்ந்திருந்தது. உள்ளே கட்டிலை உரித்துப் போட்டிருந்தார்கள், மெத்தையின் நடுவில் ஆள் படுத்த பள்ளம் மட்டும் எழும்பாமல் இருந்தது, குளிர்பெட்டி ஓடாமலே சொட்டு விட்டுக்கொண்டிருந்தது. பால்கனிக்கு நேர் கீழே நீச்சல் குளம். அங்கேதான் ஒரு விடியற்காலையில் அவன் மகள் மிதந்ததைப் பார்த்திருக்கிறார்கள். மோட்டார் சைக்கிள் விபத்து என்று கம்பூன் ஊரில் சொல்லி வைத்திருந்தான். ஊர் நம்பியதோ இல்லையோ, கேட்டுக்கொண்டது.

உடம்பை இங்கேயே எரித்தாகிவிட்டது. எலும்பு ஊருக்கு வந்துவிட்டது. அவள் வரவில்லை. அவன் பெண்டாட்டி புவாவின் கனவில் தினமும் தலை நனைந்து நின்று வழி தெரியவில்லை என்கிறாளாம். அதனால்தான் மச்சினன் சுதினின் பிக்கப் வண்டியில் ராவெல்லாம் ஓடி வந்திருந்தான். கையில் மீன் அள்ளுகிற கைவலை, அவித்த முட்டை, ஒட்டரிசிச் சோறு, அவளுடைய பழைய பள்ளிக்கூடச் சட்டை. கடைசியாக உயிரோடு இருந்த இடத்தில் நின்று, பேர் சொல்லிக் கூப்பிட்டு, காற்றில் மூன்று தரம் வலையால் அள்ளி, சட்டையில் பொதிந்து கொண்டுபோக வேண்டும். வழியில் பாலமோ திருப்பமோ வந்தால் சொல்லிக்கொண்டே போக வேண்டும், ஆவி தடுமாறிவிடாமல்.

புறப்படும்போது புவா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "கோப்னு கூப்பிடு. அப்பன் வந்திருக்கேன்னு சொல்லு. பேரை மாத்திக் கீத்திக் கூப்பிட்டுத் தொலைக்காதய்யா. யார் வேணா வந்து ஏறிப்பாங்க."

கோப் என்றால் தவளை. ஆவி ஆசைப்பட்டுத் தூக்கிப் போய்விடக் கூடாது என்று தொட்டிலில் போட்ட அன்று அவனே வைத்த பேர்.

ஊதுபத்தியைக் கொளுத்தியதும் பக்கத்து அறைக் கதவு திறந்தது. இடுப்பில் துண்டோடு ஒரு வெள்ளைக்காரக் கிழவன், அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு பெண். அவள் கண் வலையைப் பார்த்தது, முட்டையைப் பார்த்தது, புரிந்துகொண்டது. உடனே கைகூப்பினாள். அவன் ஊர்ப்பக்கத்து இசான் பேச்சிலேயே கேட்டாள்:

"உங்க பொண்ணா மாமா?"

கோப் வயசுதான் இருக்கும். சாவிப் பையனும் கொட்டாவியை நிறுத்திவிட்டுப் பார்த்தான். கிழவன் ஏதோ கேட்டான், அவள் அவன் காதில் சொன்னாள், அவன் "ஓ" என்று கம்பூனை மேலிருந்து கீழ் வரை பார்த்தான். சிமெண்டில் வெந்த விரல்கள், இரவல் சட்டை, கையில் மீன்வலை.

"இல்லம்மா," என்றான் கம்பூன். "எங்க ஊர்ப் பொண்ணு. அவங்க வீட்ல அனுப்புனாங்க."

சொல்லிய பிறகு கோப் என்று எப்படிக் கூப்பிடுவது? ஒரு பெண்ணைத் தவளை என்று பெத்தவனைத் தவிர யார் கூப்பிடுவார்கள்? மூன்று பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே மேசைப் பதிவேட்டில் அவளுக்கு எழுதியிருந்த பேர் வாயில் வந்தது.

"ஜூலி," என்றான். "வாம்மா. வீட்டுக்குப் போலாம்."

வலையை வீசி அள்ளினான். ஒன்று. வலை பாரமாகத் தெரிந்தது. இரண்டு. மூங்கில் பிடி வளைந்தது. மூன்றாவது அள்ளலில், குளத்தில் சேற்றோடு விழுந்த மீனை இழுப்பதுபோல், தோள் இறங்கியது. வலைக்குள் ஒன்றுமில்லை. கண்ணிகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

சட்டையை வலைக்குள் திணித்துக்கொண்டு வெளியே வந்தான். கதவுக்கு முன்னால் இப்போது செருப்பே இல்லை. நனைந்த இடம் மட்டும் பெரிதாகியிருந்தது.

படியில் அறை துடைக்கிற சம்லீ அக்கா எதிரே ஓடி வந்தாள், மூச்சு வாங்க. ஏப்ரனுக்குள்ளிருந்து ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பை எடுத்தாள். ஒன்றின் வார் அறுந்து செப்புக் கம்பியால் முறுக்கியிருந்தது. முறுக்கியது அவன்தான்.

"போலீஸ் கண்ல படாம எடுத்து வச்சேன். அறைக்குள்ள இதத்தான் போட்டுக்குவா. ஆமா அண்ணே, கீழ வரைக்கும் கேட்டுச்சு, நீங்க எந்த ஜூலியக் கூப்பிட்டீங்க?"

"எந்த ஜூலின்னா?"

"இங்க வர்றவளுக்கெல்லாம் ஜூலிதான் பேரு. ஒருத்தி போனா அடுத்தவ அந்தப் பேர எடுத்துக்குவா. அந்த அறையில மட்டும் எத்தனை ஜூலி..." நிறுத்திக்கொண்டாள். "இவளுக்கு வேற பேரு இருந்துச்சு. எங்கப்பா வச்சதுன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. தவளையோ என்னவோ. உங்களுக்குத் தெரியுமா?"

கம்பூன் திரும்பி மேலே பார்த்தான். நாலு படி தூரம். திரும்பி ஏறி, கதவைத் திறந்து, ஒரே ஒரு வார்த்தை. பக்கத்து அறையில் அந்தப் பெண்ணின் சிரிப்பு கேட்டது.

"தெரியாதுங்க," என்றான்.

வண்டியில் ஏறியதும் சுதின் கேட்டான்: "நல்லாக் கூப்பிட்டீங்களா மாமா? வந்துட்டாளா?"

"வண்டிய எடு."

சுதினுக்கு வாய் சும்மா இருக்காது. கடற்கரைச் சாலையில் போகும்போது, உயரமாக நின்ற கண்ணாடிக் கட்டடத்தைக் காட்டி, "இதுலதானே நீங்க கான்கிரீட் போட்டீங்க? இப்ப உள்ள போனா உங்களத் தொரத்திடுவான்," என்று சிரித்தான். கம்பூன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அந்தக் கட்டடம் பாதி ஏறியிருந்தபோது ஒரு சாயங்காலம் வேலை முடிந்து லாரியில் நின்றபடி வந்துகொண்டிருந்தான். தென்னை மரத்தடி நடைபாதையில் ஒரு கிழவனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கோப். அவளும் பார்த்துவிட்டாள். எல்லாவற்றையும் மறந்து கையைத் தூக்கி, ஊர்த் திருவிழாவில் பார்த்தவள்போல், "அப்பா!" என்று கத்தினாள். லாரியில் இருந்தவர்கள் யாருடா அது என்றார்கள். யாரோ, என்றான். அவள் கை இறங்கியதைப் பார்த்தான். அதற்கப்புறம் அவள் ஊருக்கு வரவில்லை; வீட்டுக் கூரைக்குத் தகரம் மட்டும் வந்தது.

முதல் பாலம் வந்தது. வலையை மடியில் வைத்துக்கொண்டு, மச்சினன் கேட்கிற மாதிரி, "கோப், பாலம் வருது, வாம்மா," என்றான். வலை சும்மா கிடந்தது. பின்னால் வண்டித் தொட்டியில் யாரோ லேசாகச் சிரித்தார்கள். தார்ப்பாய்ச் சத்தமாக இருக்கும்.

வண்டி மலைப்பாதையில் முக்கியது. சுதின் கியரை மாற்றி மாற்றிப் பார்த்தான்.

"என்ன மாமா, காலி வண்டி நெல்லு ஏத்துன மாதிரி இழுக்குது?"

கம்பூனின் மடி ஈரமாகியிருந்தது. குளத்து மருந்து வாடை. முகப்பவுடர் வாடை, ஒன்றல்ல, பல தினுசு. அடுத்த பாலத்தில் நாக்கு தானாகப் புரண்டது. "பாலம் வருது. பாத்து வாங்க."

சுதின் திரும்பினான். "பெத்த பிள்ளையப் போயி வாங்கங்கிறீங்க?"

வண்டியின் பின்பக்கம் இன்னும் ஒரு அங்குலம் இறங்கியது. சக்கரம் மட்கார்டில் உரசுகிற சத்தம் தொடங்கியது. அது நிற்கவே இல்லை.

மத்தியானம் கோராட் நகரம் தாண்டி ஒரு சாலையோரக் கடையில் நிறுத்தினார்கள். கோழி சுட்டுக்கொண்டிருந்த அம்மா இரண்டு பொட்டலம் கட்டினாள். வண்டியைப் பார்த்தாள். விசிறியை நிறுத்தினாள்.

"பின்னாடி இருக்கிற புள்ளைங்களுக்கு?"

சுதின் சிரித்தான். "பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிடுவாக்கா. பின்னாடி ஒருத்தரும் இல்ல."

அவள் சிரிக்கவில்லை. "ஈரத் துணியோட உக்காந்திருக்காங்க. வெயில்லயும் நடுங்குறாங்க. நீங்க மனுசங்கதானே?"

சுதின் போய்ப் பார்த்தான். தொட்டியில் தண்ணீர் நின்றது. சோற்றுக் கூடை திறந்திருந்தது. ஒட்டரிசிச் சோற்றில் பிடிபிடியாகக் கிள்ளிய தடம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. முட்டை ஓடு மட்டும் இருந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தான். வண்டியை எடுத்தான். ரோட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

"மாமா. என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டீங்க?"

கம்பூன் நீலச் செருப்பின் செப்புக் கம்பியை விரலால் தடவினான். அது காய்ந்திருந்தது. மடி, வலை, சட்டை, இருக்கை எல்லாம் நனைந்திருந்தன. செருப்பு மட்டும் காய்ந்து, லேசாக இருந்தது.

மூன் ஆற்றுப் பாலம். ஊருக்கு முந்தின கடைசிப் பாலம். அவன் வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள்:

"பாலம் வருது, அப்பா."

அது கோப்பின் குரல் இல்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டு வாசலில் வண்டி நின்றது. நாய் குலைக்கவில்லை. வீட்டுத் தூணுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது. சுதின் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு, இறங்கி, நடந்து, பிறகு ஓடினான்.

புவா மேலே, தூண்கள் மேல் நின்ற பலகை வீட்டில் பாய் விரித்து, ஆவியைக் கட்டி வைக்க நூலும் பூவும் வைத்து உட்கார்ந்திருந்தாள். "வாடி கண்ணு," என்று அங்கிருந்தே கூப்பிட்டாள். "படி ஏறி வா. ஆத்தா இங்க இருக்கேன்."

வண்டித் தொட்டி மேலே எழும்பியது. ஒரு அங்குலம். இன்னொரு அங்குலம். இன்னும்.

படி கிறீச்சிட்டது. ஒருமுறை. மறுபடி. மறுபடி. மறுபடி.

கம்பூன் வீட்டுக்கு அடியில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு எண்ணாமல் இருக்கப் பார்த்தான். மேலே பலகைத் தரை அழுந்துகிற சத்தம், மூலைக்கு மூலை. பலகை இடுக்குகளின் வழியே தண்ணீர் அவன் தலையில் சொட்டியது. புவாவின் வளையல் ஒருமுறை ஒலித்தது. நின்றது.

"யோவ்." அவள் குரல் ரொம்பச் சின்னதாக இறங்கி வந்தது. "யாருய்யா இவங்கல்லாம்?"

கண்ணைத் திறந்தான். படிக்குக் கீழே செருப்புகள். வெள்ளி, சிவப்பு, கறுப்பு, கண்ணாடிக் குதிகால். நனைந்து, ஒழுங்காக, முனை வீட்டைப் பார்க்க. வரிசை கோழிக்கூண்டு வரைக்கும் போயிருந்தது. கடைசியில் ஒரு ஜோடிக்கு இடம் விட்டிருந்தது.

"என் புள்ள எங்கய்யா?"

அவன் குனிந்து அந்த இடத்தில் நீலச் செருப்பை வைத்தான். சேர்த்து வைத்தான். முனையை வீட்டுப் பக்கம் திருப்பினான்.

"கோப்," என்றான். பிறகு நாய் கேட்க, தெரு கேட்க, ஊர் முழுக்கக் கேட்கக் கத்தினான். "கோப்! அப்பன் வந்திருக்கேன்! அப்பன்டா!"

மேலே ஜன்னலில் முகங்கள் வந்தன. ஒன்றின் தோளுக்கு மேல் ஒன்றாக, பவுடர் கரைந்து, முடியிலிருந்து நீர் வழிய. எல்லாம் அவனைப் பார்த்தன. ஒவ்வொருத்தியாகக் கையைத் தூக்கினாள், ஊர்த் திருவிழாவில் பார்த்தவள்போல்.

"அப்பா," என்றாள் ஒருத்தி.

"அப்பா," என்றாள் அடுத்தவள்.

நீலச் செருப்பு காய்ந்தே கிடந்தது.